வெரி போட்ட தந்தி

ஆங்கிலத்தில் எனக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. வெரி. பார்க்கப்போனால் அது தன் பாட்டுக்கு ஓரமாகக் கிடக்கிற சின்ன வார்த்தைதான். தனியாக நின்றால் அதற்கு ஒரு வேலையும் இல்லை. பக்கத்தில் வருகிற வார்த்தையைத் தூக்கிவிடுவதற்கென்றே இருப்பது. குட் என்றால் நல்லது, வெரி குட் என்றால் ரொம்ப நல்லது. பள்ளிக்கூடத்தில் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அதில் தெரிந்துகொள்ள வேறொன்றும் இல்லை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை. உள்ளே அச்சில் வார்க்கிற ஆட்கள், பூச்சில் முக்கி எடுக்கிற பெண்கள். முன்பக்கம் ஒரு மேசை, அதன்மேல் எழுத்துத் தேய்ந்த ஒரு டைப்ரைட்டர், அதன் பின்னால் நான். டீக்கடைக் கப்பு, ஊறுகாய் ஜாடி, ஃப்யூஸ் கட்டை எல்லாம் செய்வார்கள். காய்ந்த சரக்கைச் சுடுவதற்கு மற்ற சின்னக் கம்பெனிக்காரர்களைப் போல நாங்களும் பொதுச் சூளைக்குத்தான் கொண்டுபோவோம். நான் பி.யூ.சி. முடித்து, டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். எங்கள் தெருவில் அவ்வளவு ஆங்கிலம் படித்த பெண் நான் ஒருத்திதான். அதனால் எனக்குக் கர்வமும் இருந்தது, கூடவே மூக்குக்கு மேல் கோபமும் இருந்தது. கர்வம் அப்புறம் எங்கேயோ போய்விட்டது. கோபம் இன்னும் இருக்கிறது.

முதலாளி நல்ல மனிதர். ஆனால் வெரி இல்லாமல் அவரிடமிருந்து ஒரு கடிதம் வெளியே போகாது. நம் பேச்சில் வாங்க, உட்காருங்க என்று 'ங்க' போடுகிற மாதிரிதான் ஆங்கிலத்தில் வெரி என்பது அவர் எண்ணம். அது இல்லாவிட்டால் எதிராளியை வா, போ என்று கூப்பிட்டதாகிவிடும். பாத்திரக் கடைக்காரருக்கு எழுதும் கடிதத்தில் அவரும் வெரி, அவர் கடையும் வெரி, பாக்கி வைத்திருக்கும் சரக்கும் வெரி. நான் எடுத்துவிட்டு அடித்தால், கையெழுத்துப் போடுகிறபோது விரலால் தடவிப் பார்த்து, "எங்கம்மா வெரியைக் காணோம்?" என்று கேட்பார். மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

சரக்குப் பெட்டியிலும் இதே கதைதான். வைக்கோல் வைத்து அடைத்த மரப்பெட்டியின் மேல், உடையக்கூடியது என்பதற்காக 'ஃப்ராஜைல்' என்று எழுதி ரயில்வே பார்சலுக்கு அனுப்புவோம். பெட்டியைத் தூக்கிப் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 'வெரி ஃப்ராஜைல்' என்று மாற்றச் சொன்னார். கொஞ்ச நாளில் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் வெரி போட்டுக்கொண்டார்கள். உடனே எங்கள் பெட்டிக்கு இரண்டு வெரி வேண்டுமென்றார். நான் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"ஐயா, பெட்டி தூக்கறவங்களுக்கு இங்கிலீசே தெரியாதுங்க. எத்தினி வெரி போட்டாலும் ஒண்ணுதான்."

"தெரியலைன்னா என்னாம்மா, நீட்டா எழுதியிருந்தா ஏதோ பெரிய சரக்குன்னு பயப்படுவாங்க இல்ல?"

அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. வெரி வெரி ஃப்ராஜைல் என்று தகட்டில் வெட்டி மை தடவிக் கொடுத்தோம். பெட்டிகள் எப்போதும் போலவே உடைந்தன.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். தந்தி விஷயத்தை என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் பீங்கான் வேலை படித்த பையன்களுக்கு வடக்கே சுலபமாக வேலை கிடைத்தது. குஜராத், வங்காளம் என்று போனார்கள். போனவர்களுக்கு லீவு மட்டும் கிடைக்காது. தந்தியைக் காட்டினால்தான் மேனேஜர் அனுப்புவார். அதனால் ஊரில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. மாசி மகத் தேருக்குப் பையன் வர வேண்டுமா, 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்று ஒரு தந்தி. தங்கச்சிக்கு வளைகாப்பா, மதர் சீரியஸ். பங்காளிகளோடு நிலத் தகராறு, கூட நிற்க ஆள் வேண்டுமா, அதற்கும் மதர்தான் சீரியஸ். எங்கள் ஒரு தெருவிலேயே எத்தனை அம்மாக்கள் இப்படித் தந்தியில் படுக்கையில் கிடந்துவிட்டு, மறுநாள் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள் தெரியுமா. அப்பாக்கள் மட்டும் சீரியஸ் ஆவதே இல்லை. தந்தி கொடுக்கப் போவது அவர்கள்தானே.

சரி, நிஜமாகவே ஒரு சாவு விழுந்தால் என்ன செய்வது? செத்துப்போனார் என்று யாரும் தந்தியில் எழுத மாட்டார்கள். தனியாக ரயிலில் வரப்போகிற பிள்ளை வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டு வர வேண்டுமா என்று இரக்கம். அதற்குத்தான் வெரி வந்தது. சீரியஸ் என்றால் லீவு போட்டுவிட்டு வா. வெரி சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது. எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது, ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தந்தி வந்த வீட்டில், "வெரி இருக்குதா பாரு" என்பதுதான் முதல் கேள்வி. இருக்கிறது என்றால் அதற்கு மேல் படிக்க வேண்டாம், அழ ஆரம்பித்துவிடலாம். ஆக, நிஜமாகவே உடம்பு முடியாமல், உயிரோடு கிடக்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்ல அந்தத் தந்தியில் வார்த்தையே இல்லாமல் போய்விட்டது. இந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு ஒரே அண்ணன். அவனும் பீங்கான் வேலை படித்துவிட்டு குஜராத்தில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். அம்மா நிஜமாகப் படுப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, பெண்ணாடத்தில் ஒரு பெண் இருக்கிறது என்று தரகர் சொல்ல, அப்பா எங்கள் யாரிடமும் சொல்லாமல் போய்த் தந்தி அடித்துவிட்டார். மதர் சீரியஸ். அண்ணன் மூன்று ரயில் மாறி, தாடியும் அழுக்குச் சட்டையுமாக வந்து இறங்கினான். ஸ்டேஷனிலிருந்து ஓடியே வந்திருக்கிறான். அடுப்படியில் அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்றவனைப் பார்த்து, "என்னாடா திடீர்னு?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். அவன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பெண் பார்க்க அவன் போகவே இல்லை. அடுத்த நாளே கிளம்பினான். கிளம்பும்போது அப்பாவைப் பார்த்து, "ஒங்களுக்கு வெளயாட்டா இருக்குது. இனிமே சீரியஸ்னு தந்தி வந்துச்சுன்னா நான் வர மாட்டேன், பாத்துக்குங்க" என்றான். அப்பா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். அம்மா அன்றைக்கெல்லாம் சாப்பிடவில்லை. "நான் நல்லாத்தானே இருக்கிறேன், என்னை ஏன் படுக்கப் போட்டீங்க?" என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அப்புறம் நிஜமாகவே படுத்தாள். முதலில் வாந்தி, பிறகு கண் மஞ்சள், அதன் பிறகு வயிறு வீங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு வாரம் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பையன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். குஜராத் என்றேன். "வரச் சொல்லிடும்மா, லேட் பண்ணாதீங்க" என்றார். அம்மாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்கிறபோதெல்லாம் ஒரே கேள்வி, "ஒங்கண்ணன் வரானா?"

சாதாரணமாக எழுதினால் அவன் நம்ப மாட்டான், வெரி போட வேண்டும் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"உசுரோட இருக்கிறவளுக்கு வெரி போடுவியா நீ? நாமளே எமனுக்கு ஆளு அனுப்பற மாதிரி."

"அது இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைப்பா. ரொம்ப முடியலைன்னு அர்த்தம், அவ்வளவுதான்."

"ஒன் இங்கிலீஷு ஆபீசோட இருக்கட்டும்."

அவரே போய் மதர் சீரியஸ் என்று பழைய மாதிரியே அடித்துவிட்டு வந்தார். மறுநாள் மாலை அண்ணனிடமிருந்து பதில் தந்தி வந்தது. 'நோ லீவ். நோ மேரேஜ்.' நான் படித்துச் சொன்னதும் அப்பா தாளை என் கையிலிருந்து வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்தவர் போல ரொம்ப நேரம் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மா, "பதில் வந்துச்சாமே, என்னா எழுதியிருக்கான்?" என்றாள். பொறப்பட்டுட்டானாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

முதலாளியிடம் கேட்டுக்கொண்டு ஆபீசிலிருந்து அவன் தொழிற்சாலைக்கு டிரங்க் கால் போட்டுப் பார்த்தேன். காலையில் பதிவு செய்தால் மத்தியானம் வரை போனுக்குப் பக்கத்தில் காத்துக்கிடக்க வேண்டும். மதராஸ் கிடைத்தால் பம்பாய் கிடைக்காது. ஒரு தடவை அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். இந்தியில் ஏதோ கேட்டார்கள். அண்ணன் பெயரைக் கத்தினேன். லைன் போய்விட்டது. முதலாளி பாவம், எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

அம்மா இளைத்துக்கொண்டே போனாள். சனிக்கிழமை காலையில் அப்பாவே வந்து, "வெரி போட்டுடும்மா. அவன் வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இப்போது எனக்கு வேறு பயம் வந்தது. வெரியைப் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதானே அண்ணன் நினைப்பான்? போய்ச் சேருவதற்குள் எடுத்துவிடுவார்கள், இனி அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது, பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நிதானமாகக் கிளம்பினால்? ரொம்ப நேரம் யோசித்து எழுதினேன். 'மதர் அலைவ். வெரி சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.' அம்மா உயிரோடு இருக்கிறாள் என்ற ஒன்றை முதலில் சொல்லிவிட்டால், அப்புறம் வெரியை அவன் வெரியாக மட்டும் படிப்பான். இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு வேறு யார் கொடுத்தாலும் கஞ்சி இறங்காது. அதனால் நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. சீட்டைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் அப்பாவுடைய தம்பி, எங்களுக்காக ஓடியாடிச் செய்கிறவர். அதில் எழுதியிருப்பது என்ன என்று ஒவ்வொரு வார்த்தையாக அவருக்குத் தமிழில் சொன்னேன். ஒரு எழுத்துகூட மாறக் கூடாது என்றும் சொன்னேன். அன்று முழுவதும் அவரைப் பார்க்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்குக் கொஞ்சம் தெளிவு. அரை டம்ளர் கஞ்சி குடித்தாள், உப்புப் போதவில்லை என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மத்தியானம் சித்தப்பா வார்டுக்கு வந்தார்.

"தந்தி போயிடுச்சா சித்தப்பா?"

"நேத்தே போயிடுச்சும்மா. அந்த ரெண்டாவது வார்த்தைய மட்டும் எடுத்துடச் சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. எதை என்றேன்.

"உசுரோட இருக்குதுன்னு எழுதியிருந்தியே, அத. நாலு ஊரு ஆபீசு வழியா போற தந்திம்மா. நாலு பேரு படிப்பான். உசுரோட இருக்குது, உசுரோட இருக்குதுன்னு ஊரு பூரா சொன்னா கண்ணு பட்டுடாதா?"

அவர் அதை எவ்வளவு அக்கறையாகச் சொன்னார் என்பதுதான் எனக்கு ஆத்திரம். கெட்ட எண்ணம் இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது இருக்கலாம். வார்டிலேயே கத்தினேன். நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள். தபாலாபீசுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, கதவு பூட்டியிருந்தது. பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, எதிர்க் கடைக்காரர், "நாளைக்கி வாம்மா" என்றார். நாளைக்குத்தான் போனேன். முதல் ஆளாக நின்று 'மதர் அலைவ், கம் சூன்' என்று அடித்தேன். அப்பாவோ சித்தப்பாவோ குறுக்கே வரவில்லை. என் முகம் அப்படி இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அண்ணன் வந்தான். நான் அம்மாவுக்கு உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலின் கால்பக்கம் அப்பா ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். வார்டு வாசலில் யாரோ ஒரு மொட்டைத் தலை ஆள், கையில் பையோடு ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மீசையும் இல்லை. கிட்டே வந்த பிறகுதான் அது அண்ணன் என்று தெரிந்தது. அவன் நேராக வீட்டுக்குப் போயிருக்கிறான். பக்கத்து வீட்டு அம்மாள் அவனைப் பார்த்துத் திகைத்துப்போய், அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவன் நம்பாமலேயே வந்திருக்கிறான். மூன்றாவது தந்தி போய்ச் சேர்ந்தபோது அவன் ரயிலில் இருந்தான். சனிக்கிழமை இரண்டாவது தந்தியைப் பார்த்ததுமே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அங்கிருந்த தமிழ் ஆட்கள் கூட்டிக்கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றங்கரையில் வைத்து, தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வைத்து, முழுகச் சொல்லி, மத்தியான ரயிலில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

அம்மா கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பிக் கால்பக்கம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவர் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தார். மறுபடி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"எனக்காடா?" என்றாள்.

அண்ணன் கட்டில் ஓரத்தில் முட்டி போட்டு, அவள் கைக்குப் பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டான். அவள் அந்தத் தலையைத் தடவிப் பார்த்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அன்று அவள் பேசவில்லை. சாயங்காலம் அண்ணன் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா எப்படி இருந்தாள் என்று கேட்டான். சொன்னேன்.

அவன் வந்த மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். எங்களில், எடுப்பதற்கு முன் வாசலிலேயே பலகை போட்டு மகனுக்கு மொட்டையடித்து மீசை எடுப்பது வழக்கம். நாவிதர் சொம்பில் தண்ணீரோடு வந்து, கத்தியைத் தீட்டிக்கொண்டு நிமிர்ந்தவர், பலகையில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அப்பாவைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார்.

"வழிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே," என்றார்.

"பேருக்கு ஒருவாட்டி கத்திய வைங்க," என்றார் சித்தப்பா.

அவர் தயங்கித் தயங்கி அண்ணன் தலையில் தண்ணீரைத் தெளித்தார். எதற்கு இதற்குள் மொட்டை என்று அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏதாச்சும் வேண்டுதலைங்களா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். வந்ததிலிருந்து அழாமலே இருந்த அண்ணன் தலையைக் குனிந்தபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னான்.

"இல்லீங்க. எங்கம்மாவுக்குத்தான். ஞாயித்துக்கெழமையே எடுத்துட்டேன். அப்ப அவங்க இங்க கஞ்சி குடிச்சிட்டு இருந்திருக்காங்க."